வாராவாரம் ஒரு படம் என்று ஒரு குழு: பால் சொசைட்டிக்காரன் சேரலாமா?

பெண்ணையாற்றங்கரை (காவேரிப்பட்டணம் பக்கம்)

வணக்கம். ஒரு வருஷமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் எங்கள் ஊர் பால் சொசைட்டியில் டெஸ்டர். வயது 43. காலையில் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, சாயந்திரம் நாலரையிலிருந்து ஆறரை வரை ஜனங்கள் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். ஒவ்வொருவர் பாலிலும் மாதிரி எடுத்து, பால்மானியை மிதக்கவிட்டு அளவு பார்த்து, கொழுப்பு பார்க்கிற மெஷினில் வைத்து நோட்டில் எழுதுவது என் வேலை. ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதுவும் கிடையாது. மாடு லீவு விடுவதில்லை.

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சொன்னான். தருமபுரி, பாலக்கோடு, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பல ஊர் ஆட்கள், இருபத்தி இரண்டு பேர். ஞாயிறு ராத்திரி ஒரு தலைப்பு போடுவார்கள். அடுத்த சனிக்கிழமை ராத்திரிக்குள் அந்த வாரமே எடுத்த ஒரு படத்தைப் போட வேண்டும், ஒன்றே ஒன்று. பழைய படத்தைத் தூசி தட்டிப் போடக்கூடாது. போட்டுவிட்டு ஓடிவிடவும் முடியாது. மற்றவர்கள் படத்தில் இரண்டுக்காவது நல்லது என்ன, குறை என்ன என்று எழுத வேண்டும். கட்டைவிரலைக் காட்டினால் கணக்கில் சேராது. இப்படி 52 வாரம். கட்டணம், பரிசு எதுவும் இல்லை. மூன்று வாரம் தொடர்ந்து தவறவிட்டால் அடுத்த சந்திப்பில் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டுமாம், அவ்வளவுதான் தண்டனை. "மாமா, ரெண்டு வாரம் சும்மா இருந்து பாருங்க, பிடிக்கலைன்னா வந்துடுங்க" என்றான். சரி என்று சேர்ந்தேன்.

முதல் வாரத் தலைப்பு "வெள்ளை". எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் நானூறு லிட்டர் வெள்ளையோடு மாரடிக்கிறவனிடம் இதைக் கேட்கிறார்களே, இது நம் தலைப்பு என்று நினைத்தேன்.

மார்கழிக் குளிர். கறந்த சூடு ஆறாத பாலைப் பெரிய கேனில் ஊற்றும்போது ஆவி எழும். மேலே நுரை கட்டி நிற்கும். அந்த நுரையில் ஒவ்வொரு குமிழிக்குள்ளும் எங்கள் டியூப்லைட் ஒரு குட்டிக் கோடாகத் தெரியும். பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன், அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது? ஆனால் தலைப்பைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

எடுக்கிற அன்றைக்கு வரிசையில் முப்பது பேர். அதில் ஒரு ஆயா, தன் தூக்கு மூடியை யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நாலு நாளாக ஒவ்வொருத்தரையும் நிற்க வைத்து விசாரித்துக்கொண்டிருக்கிறார். எவர்சில்வர் மூடி, விளிம்பில் அவர் வீட்டுக்காரர் பெயர் வெட்டியது. "நீ தானே எல்லாத்தையும் பார்த்துட்டு உக்காந்திருக்கற, உனக்குத் தெரியாதா?" என்று என்னையும் விடவில்லை. அந்தக் களேபரத்துக்கு நடுவில் ஒரு கையில் மாதிரிக் குப்பி, இன்னொரு கையில் போன் என்று நாலு படம் எடுத்தேன்.

பார்த்தால் பால், சிமெண்ட் கரைத்த தண்ணீர் நிறத்தில் இருக்கிறது. ஆவியைக் காணோம். போதாததற்குப் படம் முழுக்கக் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாகக் கோடு. என் தண்ணீர்ப் பாலைப் பிடிக்கிற கண்ணுக்கே அது பால் என்று தோன்றவில்லை. இருந்தாலும் போட்டேன். பெரிய கேமரா வைத்திருக்கும் ஒருவர், "அண்டர் எக்ஸ்போஸ், ஒயிட் பேலன்ஸ் தப்பு, பேண்டிங்" என்று மூன்று சொல் எழுதினார். திட்டுகிறாரா, வைத்தியம் சொல்கிறாரா என்றே புரியவில்லை. அதே வாரம் அவர் போட்டது, கே.ஆர்.பி. டேமில் (கிருஷ்ணகிரி அணை) விடிகாலை மூடுபனிக்குள் ஒரு கொக்கு. நல்ல படம், பொய் சொல்லக்கூடாது. "காலை ஏழு மணி, பொன்னான வெளிச்சம்" என்று கீழே எழுதியிருந்தார். அந்தக் கொக்கு பறந்த நேரத்தில் நான் நாற்பதாவது ஆளுக்குப் பால்மானி போட்டுக்கொண்டிருந்தேன்.

இதுதான் என் வருத்தம். எங்கே பார்த்தாலும் விடியலிலும் அந்தியிலும் எடு, எடு என்கிறார்கள். அந்த இரண்டு நேரமும் என்னுடையது இல்லை. என்னிடம் இருப்பது மூன்று வருஷம் பழைய பதினோராயிரம் ரூபாய் போன். உச்சி வெயிலில் மட்டும் ஓய்வாக இருக்கிற ஒருவன் இந்த மாதிரிக் குழுவில் இருந்து ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா, இல்லை டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மரியாதையாக வெளியே வந்துவிடுவதா? அதோடு, பால் ஏன் சாம்பலாக வருகிறது என்பதையும் தமிழில் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பழைய ரோல் (கிருஷ்ணகிரி)

தம்பி, முதலில் பாலைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்புறம்.

கேமராவுக்குப் பால் எது, எருமை எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது வெளிச்சம் கூட, குறைச்சல், அவ்வளவுதான். எதைக் காட்டினாலும் அதைச் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் சரியாக இருக்கும் என்பது அதன் கணக்கு. தெரு, மரம், ஆள், சுவர் எல்லாம் கலந்து இருக்கும்போது இந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்கும். நீ காட்டியது கேன் நிறையப் பால். "அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்" என்று பயந்துபோய் அது இறக்கிவிட்டது. பால் சாம்பலாகிவிட்டது. இதே போனை எருமை முதுகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வை. "ஐயோ, ஒரே இருட்டு" என்று ஏற்றிவிடும். எருமை வெளுத்துப்போய் மண் நிறத்தில் நிற்கும். இப்போதைய போன்கள் ஓரளவு கெட்டி, முகம் தெரிந்தால் அதற்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளும். ஆனால் ஃபிரேம் முழுக்க ஒரே நிறம் என்றால் அதுவும் ஏமாறும்.

என்ன செய்ய வேண்டும்? திரையில் நுரை மேல் விரலை வைத்து அழுத்திப் பிடி. பெரும்பாலான போன்களில் ஒரு வட்டமும் பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறியும் வரும். அந்தச் சூரியனை மேலே தள்ளு. பால் வெளுக்கும். எதுவரை தள்ளலாம் என்றால், நுரையின் குமிழ் தெரிகிற வரைக்கும். குமிழ் கரைந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டால் அளவு மீறிவிட்டது, ஒரு பிடி இறக்கு. எருமைக்கு இதையே தலைகீழாகச் செய். பாலுக்கு ஏத்து, எருமைக்கு இறக்கு. நான் கடையில் வேலை கற்க வரும் பையன்களுக்குக் கல்யாண வேட்டியையும் மாப்பிள்ளை கோட்டையும் வைத்துச் சொல்வேன். உனக்கு இதுதான் பொருத்தம்.

கறுப்புப் பட்டை வேறு சங்கதி. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய சோக் டியூபும் மலிவு விலை எல்.இ.டி.யும் ஒரு நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், நம் கண்ணுக்குத் தெரியாது. போன் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படத்தை வாங்குகிறது. மங்கின நேரத்தில் வாங்கின வரி கறுப்பாகிவிடுகிறது. போனில் புரோ மோடு இருந்தால் ஷட்டரை, அதாவது போன் வெளிச்சம் வாங்குகிற நேரத்தை, 50-ல் ஒரு பங்கு அல்லது 100-ல் ஒரு பங்கு நொடியில் வை. பட்டை போய்விடும். புரோ மோடு இல்லையென்றால் கேமரா செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறதா பார், 50-ஐத் தேர்ந்தெடு. அதுவும் இல்லையென்றால் டியூபை அணைத்துவிட்டுக் கதவு வெளிச்சத்தில் எடு. அந்த ஆள் ஒயிட் பேலன்ஸ் என்று சொன்னது வேறு விஷயம். வெளியே விடியல் நீலம், உள்ளே டியூப். இரண்டும் ஒரே ஃபிரேமில் விழுந்தால் எது வெள்ளை என்று போனுக்குக் குழப்பம்.

நான் தனியாகப் போன முதல் கல்யாணம் 1994-ல். அப்போது கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டத்தோடு இருந்தது. ஒரு ரோலில் 36 படம், மொத்தம் ஐந்து ரோல். கழுவ சேலத்துக்கு அனுப்ப வேண்டும், வர நாலு நாள் ஆகும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டுப் பேரை வரிசையாக நிற்க வைத்து எடுத்தேன். பிரிண்ட் வந்ததைப் பார்த்த மாப்பிள்ளையின் தாய்மாமன், "எங்க சனம் யாரும் வேட்டி துவைக்கறதில்லைன்னு நெனச்சியாடா?" என்று கேட்டார். அதற்கு மேல் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்தப் பாடத்துக்கு எனக்கு ஒரு ஆல்பத்தின் காசு போனது. உனக்கு மூன்று சொல் திட்டோடு முடிந்தது. குழுவில் இரு.

தேன்கனி டீச்சர் (தேன்கனிக்கோட்டை)

அண்ணா, நான் இதே மாதிரி வேறொரு குழுவில் இரண்டு வருஷமாக இருக்கிறேன். 104 வாரத்தில் பதினொன்று தவறவிட்டேன். டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், போண்டாவோடு.

பொன்னான வெளிச்சத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும். வடக்கே தூரத்து நாடுகளில் மாதிரி மணிக்கணக்கில் சாய்ந்து நிற்காது. அந்த மஞ்சள் வெளிச்சம் நமக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிசு. டேமுக்குப் போகிறவரும் வண்டியை நிறுத்தி, இடம் பிடித்து, லென்ஸ் மாட்டுவதற்குள் பாதி போயிருக்கும். நீங்கள் ஏற்கெனவே அந்த நேரத்தில் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளிச்சம் உங்களைத் தேடி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். சொசைட்டிக் கதவு எந்தத் திசை பார்த்து இருக்கிறது? அதை நீங்கள் எழுதவில்லை.

வெயில் நேரமும் வீண் இல்லை. இருட்டு அறைக்கு ஒரே ஒரு வாசல், வாசலுக்கு நேரே வெயில் விழாமல் தெருவிலிருந்து மட்டும் வெளிச்சம் உள்ளே வருகிற இடம், நம் ஊர் மளிகைக் கடை, டெய்லர் கடை எல்லாம் அப்படித்தானே? அந்த வாசலிலிருந்து இரண்டடி உள்ளே ஒருவரைப் பக்கவாட்டில் உட்கார வைத்தால் பன்னிரண்டு மணிக்கும் முகம் அருமையாக வரும். என் நல்ல படங்களில் பாதி மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் எடுத்தவை.

வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு நடுகல். தலைப்பு "பழையது". நம் இரண்டு மாவட்டத்திலும் நடுகல்லுக்குப் பஞ்சமில்லை. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும், ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் கேட்பாரற்றும் நிற்கும். நான் போனது ரோட்டோரம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம், வெயில் நேரே தலைக்கு மேல். படத்தில் வெறும் பாறாங்கல். ஏதோ ஒரு மேடு, ஏதோ ஒரு பள்ளம். சரி, அவ்வளவுதான் தேய்ந்துவிட்டது என்று திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து என்னோடு வந்த கணக்கு டீச்சர் சும்மா டார்ச்சை எடுத்துக் கல்லை உரசுகிற மாதிரிப் பக்கவாட்டில் பிடித்தார். நான் கையில் டீயோடு நின்றிருந்தேன். முதலில் ஒரு முழங்கால் வந்தது. அப்புறம் வில், வில்லைப் பிடித்த கை, இடுப்பில் குத்துவாள். மேலே கொண்டை. ஒரு ஆள் கல்லுக்குள்ளிருந்து எழுந்து வருகிற மாதிரி இருந்தது. டார்ச்சை நேராகப் பிடித்தால் மறுபடியும் பாறாங்கல். நாங்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் டார்ச்சை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி விளையாடினோம். ரோட்டில் போன ஒருவர், "என்னம்மா, புதையலா?" என்று வண்டியை நிறுத்திக் கேட்டார். (ஒரு வேண்டுகோள்: தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்லில் சாக்பீஸ், மாவு எதையும் பூசாதீர்கள். டார்ச் போதும்.)

இன்னொன்று, கொஞ்சம் கசப்பு. "கை" என்ற தலைப்புக்கு ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கூடை அடுக்கும் ஒரு அக்காவைக் கேட்காமல் எடுத்துப் போட்டேன். படத்தில் கைதான் பெரிசு, முகம் ஓரத்தில். பாராட்டு குவிந்தது. அதை யாரோ ஸ்டேட்டஸில் வைத்து, அது சுற்றி அவர் மகன் போனுக்குப் போய்விட்டது. மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான், அம்மா கூலிக்குப் போவதை விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அடுத்த வாரம் நான் போனபோது அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "நீ கேட்டிருந்தா நான் முந்தானைய மூடிக்கிட்டு நின்னிருப்பேனே கண்ணு" என்றார். படத்தை எடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் எடுப்பதற்கு முன் கேட்கிறேன், எடுத்த பிறகு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உங்களிடம் பால் ஊற்ற வருகிறவர்கள் நாளைக்கும் வருவார்கள், உங்களுக்கு இது என்னைவிட முக்கியம்.

சேருங்கள் அண்ணா. படம் எடுப்பதைவிட, அந்த "இரண்டு பேருக்காவது கருத்து எழுது" என்ற விதிதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அடுத்தவர் படத்தில் எது உறுத்துகிறது என்று எழுத உட்கார்ந்தால் ஒரு படத்தை ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டியிருக்கிறது. என் படத்தை நானே அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

தகடூர்க்காரன் (தருமபுரி)

எல்லோரும் சேரு சேரு என்கிறீர்கள். நான் வேண்டாம் என்கிறேன்.

நான் தினம் ஒரு படம் என்று 365 நாள் சவால் எடுத்தவன். 61-ம் நாள் விட்டேன். ஏன் தெரியுமா? மகளுக்குக் காய்ச்சல், ராத்திரி பத்து மணி, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைய தலைப்பு "நிழல்". டிரிப் ஸ்டாண்டின் நிழல் சுவரில் விழுகிறது, கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அன்றோடு முடிந்தது. எந்த ஊரிலோ இருப்பவன் கொடுக்கிற தலைப்புக்கு நான் ஏன் என் வீட்டைத் தேட வேண்டும்?

அதற்குப் பிறகு ஒரே ஒரு கூத்துக் குழுவோடு ஒரு சீசன் சுற்றினேன். பாரதக் கூத்து, கோயில் கோயிலாக. மேடையை எல்லோரும் எடுப்பார்கள். நான் வேஷம் கட்டும் கொட்டகையை மட்டும் எடுத்தேன். ஒரே பல்பு, கை அகலக் கண்ணாடி, அரிதாரத்தைக் குழைத்த தேங்காய்ச் சிரட்டை. துரியோதனன் வேஷக்காரர் கிரீடத்தைத் தூக்கி வைப்பதற்கு முன் தலையில் பழைய துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார், இல்லையென்றால் கட்டை அழுத்தி நெற்றி புண்ணாகிவிடும். அந்தத் துணிக்கட்டோடு பாதி முகத்தில் சிவப்புப் பூசிக்கொண்டு அவர் பேத்திக்கு மாத்திரை ஞாபகப்படுத்திப் போனில் பேசிக்கொண்டிருந்தார். விடியலில் படுகளத்தில், அதாவது போர் முடிவை நடித்துக் காட்டும் திடலில், மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கும்போது இவர் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தார். நாலு மாசத்தில் எனக்குத் தேறியது ஒன்பது படம். அந்த ஒன்பதை எந்தக் குழுவிலும் போடவில்லை. போட மாட்டேன்.

நீங்கள் உங்கள் சொசைட்டியையே ஒரு வருஷம் எடுங்கள். தலைப்பு கொடுக்க ஆள் வேண்டாம்.

தேன்கனி டீச்சர்

தகடூர் அண்ணா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. தினம் ஒன்று என்பது கொடுமை, அதை நானும் எடுக்க மாட்டேன். வாரம் ஒன்று என்றால் ஆறு நாள் தலைக்குள் ஊறட்டும் என்று விடலாம். ஆனால் கொட்டகைக்குள் உங்களை உட்காரவிட்ட ஆட்களுக்காவது அந்த ஒன்பதைக் காட்டினீர்களா?

தகடூர்க்காரன்

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். துரியோதனன் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "கிரீடம் இல்லாத நேரத்துல எதுக்குடா எடுத்த?" என்றார். வீட்டில் மாட்டியிருக்கிறாராம்.

பெண்ணையாற்றங்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பொங்கல் நேரம், பால் வரத்தும் கூட்டமும் அதிகம்.

பழைய ரோல் அண்ணா, "பாலுக்கு ஏத்து, எருமைக்கு இறக்கு" என்பதைக் கொள்முதல் நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். செயலாளர் பார்த்துவிட்டு, விலையை ஏற்றச் சொல்லி யாரோ மனு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். என் போனில் புரோ மோடு இருந்தது, இத்தனை நாள் அதைத் தொட்டதில்லை. 100-ல் ஒரு பங்கு வைத்தேன், பட்டை போயே போய்விட்டது. டியூபை அணைக்கத்தான் முடியவில்லை. வரிசையில் நிற்கும்போது இருட்டினால் அளவில் அடிக்கிறான் என்பார்கள். ஆனால் நுரை வந்துவிட்டது. குமிழிக்குள் அந்தக் குட்டிக் கோடும் வந்துவிட்டது. "வெள்ளை" முடிந்துவிட்டதால் குழுவில் போட முடியாது, வீட்டுக்காரிக்குக் காட்டினேன். "இதையா பதினஞ்சு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டீச்சர் கேட்ட பிறகுதான் கதவைப் பார்த்தேன். கிழக்கு. தை மாதத்தில் சூரியன் எட்டிப் பார்க்கவே ஆறே முக்கால் ஆகிறது, எதிர்த்த தோப்பைத் தாண்டி வர இன்னும் கால் மணி. ஏழு மணி சுமாருக்கு ஒரு வெளிச்சக் கீற்று வாசல் வழியாக உள்ளே நுழைந்து, தரையில் வரிசையாக வைத்திருக்கும் தூக்குகள் மேல் படுத்துக்கொள்கிறது. எண்ணிப் பார்த்தேன், எட்டிலிருந்து ஒன்பது நிமிஷம். அப்புறம் ஏறிவிடுகிறது. அந்த ஒன்பது நிமிஷத்தில் குறைந்தது ஐந்து பேருக்குப் பால் பார்க்க வேண்டும். ஒருவர் நகர்ந்து அடுத்தவர் தூக்கைத் தூக்கி வைப்பதற்குள் இருக்கும் இடைவெளிதான் எனக்கு.

போன வாரத் தலைப்பு "காத்திருப்பு". மூன்று நாள் அதே ஒன்பது நிமிஷத்தில் முயற்சி செய்தேன். முதல் நாள் யாரோ ஒருவர் டி.வி.எஸ். எக்ஸெல்லை வாசலில் நிறுத்தி வெளிச்சத்தையே மறைத்துவிட்டார். இரண்டாம் நாள் மேகம். மூன்றாம் நாள் கிடைத்தது: வரிசையாகப் பதினோரு தூக்கு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீளமாக நிழல், தூரத்தில் சுவரோரம் குந்தியிருக்கும் இரண்டு பெரியவர்களின் கால் மட்டும். ஓரத்தில் எங்கள் சொசைட்டிப் பூனை தன் பங்கைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கேட்டுத்தான் எடுத்தேன் டீச்சர். "காலை எடுக்கறதுக்கு எதுக்குப்பா கேக்கற" என்றார்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடுகிறது என்று அக்கா மகன் சொன்னான். டாகுமெண்டாக அனுப்பினேன், சுத்தமாகப் போனது. குழுவில் பலர் எழுதினார்கள். வலது ஓரத்தில் பிளாஸ்டிக் வாளி உறுத்துகிறது என்று ஒருவர், பூனை நடுவில் இருந்திருக்கலாம் என்று ஒருவர். அந்த மூன்று சொல் அண்ணன் இந்தத் தடவை தனியாகவே செய்தி அனுப்பினார். திட்டு என்று நினைத்துத் திறந்தேன். "மேஜை மேல நீளமா கண்ணாடிக் குழாய் மாதிரி ஒண்ணு தெரியுதே, அது என்ன?" என்று கேட்டிருந்தார். பால்மானி என்றேன். அது எப்படி வேலை செய்கிறது, தண்ணீர் கலந்தால் ஏன் ஆழமாக முங்குகிறது என்று அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒயிட் பேலன்ஸ் என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு நாள் காலையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஐந்தரைக்கு வர வேண்டும் என்றேன். கொக்குக்காக எழுந்திருப்பவர்தானே.

தகடூர் அண்ணா சொன்னதும் மனதில் இருக்கிறது. சொசைட்டியைத் தனியாக எடுத்துச் சேர்த்துக்கொண்டும் வருகிறேன், அதைக் குழுவில் போடவில்லை.

பழைய ரோல்

படத்தை இங்கேயும் போடு தம்பி. ஆயாவின் மூடி கிடைத்ததா?

பெண்ணையாற்றங்கரை

அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

டீச்சர் சொன்ன மாதிரி படத்தைப் பிரிண்ட் போட்டேன். கால் கொடுத்த இரண்டு பெரியவர்களுக்கு ஒவ்வொன்று, சொசைட்டிச் சுவரில் ஒட்ட ஒன்று. இன்று காலை ஆயா பால் ஊற்றிவிட்டு, சீட்டு வாங்குவதற்கு முன் அந்தச் சுவர்ப் படத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். வரிசை முழுக்க அவருக்குப் பின்னால் நிற்கிறது. பிறகு விரலைப் பூனையின் மேல் வைத்தார்.

"இது எதுலடா குடிக்குது?"

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். பூனைக்கு முன்னால் மல்லாத்தி வைத்த ஒரு எவர்சில்வர் மூடி, அதில் பால். வெளிச்சம் பக்கவாட்டில் படுத்து விழுந்ததால் விளிம்பில் வெட்டியிருந்த எழுத்து ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கிறது. படிக்கவே முடிகிறது. தினமும் பூனைக்கு அதில் பால் ஊற்றுவது நான்தான்.